நுரைக்காத வெள்ளை

நியூ டான்சிக்கில் கோதுமை அறுவடை தொடங்கிய மூன்றாம் நாள் காலையில், காப்பி வாயில் வைக்க விளங்கவில்லை என்று டெல்மர் உன்ரூ ஆர்லீட்டாவுக்குப் போன் செய்தார். காப்பிக்கும் அவளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் அந்த ஊரில் தண்ணீரைப் பற்றி யாருக்கு என்ன குறை என்றாலும் அது ஆர்லீட்டா ஷ்ராகின் தலையில்தான் வந்து விழும். இருபத்தாறு வருடமாக வீடு வீடாகப் போய், தண்ணீரிலிருந்து சுண்ணாம்பை நீக்கும் சாஃப்ட்னர் பொருத்துவதும் பழுது பார்ப்பதும்தான் அவள் பிழைப்பு. கான்சஸ் மாநிலத்தில் அந்தப் பக்கத்துத் தண்ணீர் சுண்ணாம்பைச் சுமந்துகொண்டுதான் மேலே வரும். கெட்டிலில் பாறை பிடிக்கும், ஷவரின் கண்களை அடைக்கும். சாஃப்ட்னர் இல்லாத வீட்டில் துவைத்துக் காயப்போட்ட துண்டு அட்டை மாதிரி நிற்கும்.

"யாரோ என் காப்பியில கண்ணீர் விட்டுக் கலக்குறாங்க ஆர்லீட்டா," என்றார் டெல்மர். "வீட்டுல அழறதுக்கு நான் ஒருத்தன்தான் இருக்கேன். நான் அழல."

எழுபத்தெட்டு வயது. ரயில் தண்டவாளம் பழுது பார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு தனிக்கட்டை. ஊரின் கிழக்குக் கோடியில், கூட்டுறவுச் சங்கத்தின் காங்கிரீட் தானியக் குதிர்களுக்கு அப்பால், ஒரு சந்துக்குள் கடைசி வீடு அவருடையது. ஊர்க் குழாய் அதுவரைக்கும் போகவில்லை. அவர் வீட்டுக்குச் சொந்த போர் கிணறு.

ஆர்லீட்டா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சாஃப்ட்னர் தன்னைத் தானே கழுவிக்கொள்வது உப்புத் தண்ணீரால். கழுவி முடித்ததும் வால்வு மூடாமல் சிக்கிக்கொண்டால் அந்த உப்புத் தண்ணீர் வீட்டுக் குழாய்களில் ஏறிவிடும். மாதத்துக்கு இரண்டு வீட்டில் நடப்பதுதான். அதுவரை அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பத்து மணிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

குதிர்களுக்கு முன்னால் கோதுமை லாரிகள் வரிசை கட்டி நின்றன. எடைமேடையில் ஒன்று ஏற, ஒன்று இறங்க, வைக்கோல் தூசி காற்றில் மிதந்தது. டெல்மரின் வீட்டு வாசலில் தக்காளிச் செடிகளின் இலைகள் ஓரமெல்லாம் தீய்ந்தாற்போல் பழுப்பாகச் சுருண்டிருந்தன. வெயில் என்று நினைத்துக்கொண்டு அவள் உள்ளே போனாள்.

வால்வு சரியாக மூடியிருந்தது. பிரித்துப் பார்த்தாள், மறுபடி மாட்டினாள். சாஃப்ட்னருக்குள் போகாமல் தண்ணீரை நேராக விட்டுப் பார்த்தாள். அப்புறம் வெளியே போய், போரிலிருந்து எதையும் தொடாமல் வரும் தோட்டக் குழாயைத் திறந்து உள்ளங்கையில் பிடித்து நாக்கில் வைத்தாள். கரித்தது. துப்பிவிட்டு இன்னொரு தரம் வைத்தாள். சந்தேகமே இல்லை.

நாக்கு சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டு அவள் யாரிடமும் எதுவும் சொல்லுகிறவள் இல்லை. கெட்டில் எங்கே என்று கேட்டாள். டெல்மர் கொஞ்சம் வெட்கத்தோடு எடுத்துக் கொடுத்தார். முந்தின நாள் அடுப்பில் வைத்துவிட்டு ரேடியோவில் பேஸ்பால் ஆட்டத்தில் உட்கார்ந்துவிட்டாராம். தண்ணீர் முழுக்க வற்றி, கெட்டில் கருகிய வாடை வந்த பிறகுதான் எழுந்தாராம். அடியிலும் சுவரிலும் வெள்ளையாக ஒரு பொருக்கு ஒட்டியிருந்தது.

அவள் கத்தி முனையால் சுரண்டி ஒரு தட்டில் போட்டு வினிகரை ஊற்றினாள். இது அவள் தினம் செய்கிற வேலை. சுண்ணாம்பாக இருந்தால் சுர்ரென்று நுரைக்கும். வினிகர் அந்தக் கல்லைக் கடித்து வேறொன்றாக மாற்றுகிறது. நுரையோடு போன காற்று போனதுதான், திரும்பி வராது. அந்தக் கல்லையும் பழையபடி கல்லாக்க முடியாது. ஆனால் இந்த வெள்ளை நுரைக்கவில்லை. வினிகருக்கடியில் சும்மா கிடந்தது. கெட்டிலை இன்னும் ஆழமாகச் சுரண்டினாள். அடியில் இருந்த பழைய அடுக்கு நுரைத்தது, வருடக்கணக்காகப் பிடித்த சுண்ணாம்பு அது. மேலே புதிதாகப் படிந்ததுதான் ஊமையாக இருந்தது.

அந்தப் புதுப் படிவில் ஒரு ஸ்பூன் எடுத்து வெறும் தண்ணீரில் போட்டாள். இரண்டு சுற்றுச் சுற்றுவதற்குள் காணாமல் போனது. அதே தண்ணீரைச் சின்னச் சட்டியில் ஊற்றி அடுப்பில் வைத்து வற்றவிட்டாள். அடியில் மறுபடி அதே வெள்ளை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள். குட்டிக் குட்டிச் சதுரங்கள். ஒன்றும் மாறியிருக்கவில்லை. தண்ணீருக்குள் ஒளிந்திருந்தது, தண்ணீர் போனதும் அப்படியே வெளியே வந்துவிட்டது.

"அப்போ என் போர்ல உப்பு வருதுங்கிற," என்றார் டெல்மர். "நல்லதாப் போச்சு. இனி கடையில வாங்க வேணாம்."

அவள் சிரிக்கவில்லை. உப்புத் தண்ணீரைக் கக்கும் எண்ணெய்க் கிணறு ஏதாவது இந்தப் பக்கம் தோண்டினார்களா என்று கேட்டாள். பத்து மைலுக்கு எதுவும் இல்லை. பனி உருகச் சாலையில் உப்புத் தூவ இது பனிக்காலமும் இல்லை. அப்புறம் அவள் எதுவும் கேட்காமலே டெல்மர் சொல்ல ஆரம்பித்தார். குதிர்கள் வருவதற்கு முன்னால் அந்த இடத்தில் ஓர் உப்புக் கம்பெனி இருந்தது. அவருடைய அப்பா அங்கே காய்ச்சுகிற கொட்டகையில் வேலை பார்த்தார். நானூறு அடிக்குக் கீழே உப்புப் பாறை. அதுவரைக்கும் துளை போட்டு, மேலிருந்து நல்ல தண்ணீரை இறக்குவார்கள். அது உப்பைக் கரைத்துக்கொள்ளும். கரைந்ததை மேலே இழுத்து, நீள நீளமான இரும்புத் தட்டுகளில் காய்ச்சி உப்பாக அள்ளுவார்கள். இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன்னாலேயே கம்பெனி மூடிவிட்டது. துளைகளுக்குள் வேலிக் கம்பத்தையும் மரக்கட்டையையும் குப்பையையும் போட்டு அடைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

"மொத்தம் எத்தனை துளை?"

"ஏழுன்னு அப்பா சொல்வார். எடைமேடை பக்கத்துல மூணு இருக்கு, காங்கிரீட் மூடி போட்டிருக்கும், நானே பாத்திருக்கேன். மிச்சம் எங்கன்னு கடைசி காலத்துல அவருக்கே நெனைவு இல்ல."

ஆர்லீட்டா அடுப்பின் மேலிருந்த சட்டியைப் பார்த்தாள். சுண்ணாம்புக்கல் கரைவதற்கு மண்ணிலிருந்து கொஞ்சம் புளிப்பு இறங்க வேண்டும், அது கல்லைக் கடிக்க வேண்டும், அரை அங்குலத்துக்கு ஆயிரம் வருடம் ஆகும். உப்புக்கு யாரும் கடிக்க வேண்டியதில்லை. வெறும் தண்ணீர் போதும். இவ்வளவு உப்பு தண்ணீரில் வருகிறது என்றால், அவ்வளவும் கீழே எங்கேயோ இல்லாமல் போயிருக்கிறது என்று அர்த்தம்.

"வந்ததுதான் வந்தே, இதையும் பாத்துட்டுப் போ," என்று டெல்மர் அவளைக் கொல்லைக்குக் கூட்டிப்போனார். போரின் இரும்புக் குழாய் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு நிற்கும். அதைச் சுற்றிப் பூசியிருந்த சிமெண்ட் வளையம் இப்போது குழாயை விட்டு விலகிக் கீழே இறங்கியிருந்தது. பளபளவென்று, வெயில் படாத புது இரும்பு நான்கு விரற்கடை வெளியே தெரிந்தது. "ஈஸ்டர் வரைக்கும் ஒழுங்காத்தான் இருந்துச்சு. இப்ப அஸ்பாரகஸ் முளை மாதிரி வளருது."

அவள் மண்டியிட்டுக் குழாயைத் தொட்டாள். நூற்றிருபது அடி ஆழத்துக்கு இறங்கியிருக்கும் இரும்பு. இரும்பு வளராது. அப்படியென்றால் இறங்கியது தரைதான். டெல்மருக்கும் அது தெரிந்திருந்தது என்று அவர் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். பையிலிருந்து பெயிண்ட் பேனாவை எடுத்து, மண் குழாயைத் தொடுகிற இடத்தில் ஒரு சிவப்புக் கோடு போட்டாள்.

அங்கிருந்து நேராக லாய்ட் வோத்திடம் போனாள். லாய்ட்தான் கூட்டுறவுக் கிடங்கின் மேலாளர், அவளுடைய சித்தப்பா மகளைக் கட்டியவன். அறுவடை நாளில் அவன் உட்கார்ந்து பார்த்தவர்கள் கிடையாது. அன்றைக்கு எடைமேடை வேறு அவன் உயிரை எடுத்துக்கொண்டிருந்தது. லாரி இறங்கிய பிறகும் முள் பூஜ்யத்துக்கு வருவதில்லை, காலையிலிருந்து மூன்று தரம் சரி செய்தாகிவிட்டது என்று பொருமினான். இருந்தாலும் அவளைப் பார்த்ததும் அலுவலகக் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டான். அதை அவள் பின்னாளிலும் மறக்காமல் சொல்வாள்.

அவள் சொல்லி முடித்ததும் அவன் பெருமூச்சு விட்டான். "ஆர்லீட்டா, இது சுண்ணாம்பு. இருபத்தாறு வருஷமா நீயே சுரண்டிட்டு இருக்கிற அதே சுண்ணாம்பு. நோவா கப்பல் கட்டுறதுக்கு முன்னாடியிருந்து கரையுது. இதுவரைக்கும் யாரும் உள்ள விழல."

அவள் இரண்டு காகிதக் கோப்பைகளை மேசைமேல் வைத்தாள். அவனுடைய காப்பி இயந்திரத்திலிருந்து சுரண்டிய வெள்ளையை ஒன்றிலும், டெல்மர் கெட்டிலிலிருந்து கொண்டுவந்ததை இன்னொன்றிலும் போட்டு வினிகர் ஊற்றினாள். ஒன்று சீறியது. மற்றது பேசாமல் கிடந்தது. லாய்ட் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். முட்டாள் இல்லை அவன். முகம் மெல்ல மாறியது.

"சரி, உப்புதான். எப்ப விழும்?"

"தெரியாது."

"நாளைக்கா? நூறு வருஷம் கழிச்சா?"

"தெரியாது லாய்ட்."

"வியாழக்கிழமை சாயங்காலம் புயல் வருது. மழை பட்டா கோதுமை வயல்லயே மொளச்சிரும். வெளிய நாப்பது லாரி நிக்குது. தெரியாதுன்னு அவங்ககிட்டப் போய் நான் எப்படிச் சொல்றது?"

இரண்டு நாள் கொடு என்று அவன் கேட்டான். அது கெஞ்சல் மாதிரித்தான் இருந்தது. அவள் கோப்பைகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

டெல்மரின் கொல்லையில் நின்றுகொண்டே மாநில நிலவியல் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். மூன்று பேர் கைமாற்றி, கடைசியில் ஒரு பெண் கிடைத்தாள். அவள் சுருக்கமாகக் கேள்வி கேட்டாள். வினிகர் ஊற்றினால் நுரைத்ததா? தண்ணீரில் கரைத்துக் காய்ச்சினால் அதுவே திரும்பி வந்ததா? குழாய் எவ்வளவு வெளியே தெரிகிறது? எத்தனை மாதத்தில்? எல்லாவற்றுக்கும் ஆர்லீட்டா பதில் சொன்னதும் அந்தப் பெண் வேறொன்று கேட்டாள்.

"இப்ப நீங்க எங்க நின்னு பேசறீங்க?"

"குழாய்க்குப் பக்கத்துல."

"அங்கேருந்து ஒரு இருநூறு அடி தள்ளிப் போங்க. அப்புறம் பேசலாம்."

தள்ளிப் போன பிறகு அந்தப் பெண் விளக்கினாள். கீழே கரைந்துபோன இடத்தில் ஒரு பெரிய குகை இருக்கும், அதற்குள் முழுக்க உப்புத் தண்ணீர். குகையின் கூரை இறங்க ஆரம்பித்தால், பற்பசைக் குழாயை அமுக்கின மாதிரி அந்தத் தண்ணீர் பழைய துளை வழியாக மேலே ஏறும். குடிதண்ணீரில் உப்பு வந்ததற்கு அதுதான் காரணமாக இருக்கலாம். நாளை மதியத்துக்கு மேல் கருவிகளோடு வருவதாகவும், அதுவரை அந்தப் பக்கம் யாரையும் விட வேண்டாம் என்றும் சொன்னாள். மாவட்ட அலுவலகத்துக்கும் சொல்லிவிடுவதாகச் சொன்னாள். சொன்னாள்தான். அறிக்கை வரட்டும், பார்க்கலாம் என்று மாவட்டத்தில் இருந்தவர் சொல்லிவிட்டார்.

டெல்மரைத் தன் வீட்டுக்கு வரச் சொல்லி ஆர்லீட்டா எவ்வளவோ கேட்டுப் பார்த்தாள். அவர் மசியவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கு அவள் போனபோது, முன்வாசல் கதவு நிலையில் இறுகிக்கொண்டு திறக்க மாட்டேன் என்றது. டெல்மர் தோளால் முட்டித் திறந்தார். கதவுக்குப் பக்கத்தில் ஒரு தோல்பெட்டி கட்டித் தயாராக இருந்தது. கொல்லையில் அந்தச் சிவப்புக் கோடு மண்ணுக்கு மேலே ஒரு கட்டைவிரல் உயரத்தில் நின்றது. ஒரே நாளில்.

ஈஸ்டரிலிருந்து நான்கு விரற்கடை. நேற்றிலிருந்து ஒரு கட்டைவிரல். அவள் அதற்குமேல் யோசிக்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போய் எடைமேடையின் வாயில் குறுக்கே நிறுத்தி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். மூன்று மூடிகளும் அங்கேதான் இருந்தன. முள் பூஜ்யத்துக்கு வராததும் அங்கேதான். விழுவதானால் அங்கேதான் விழும் என்று அவள் உறுதியாக நம்பினாள்.

முதலில் லாரிக்காரர்கள் சிரித்தார்கள். "என்னம்மா தண்ணிக்காரி, எங்க கோதுமையையும் சாஃப்ட் பண்ணப் போறியா?" என்று ஒருவன் கேட்டான். அரை மணி ஆனதும் யாரும் சிரிக்கவில்லை. ஹாரன் அடித்தார்கள். சிலர் வந்து நல்லபடியாகப் பேசிப் பார்த்தார்கள், சிலர் நல்லபடியாகப் பேசவில்லை. அவள் எல்லோருக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னாள். மதியத்துக்கு மேல் மாநிலத்திலிருந்து ஆள் வருகிறார்கள், அவர்கள் பார்த்துச் சொன்னால் நானே வண்டியை எடுத்துவிடுகிறேன். லாய்ட் வந்து பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். போலீஸைக் கூப்பிட்டான். இருந்த ஒரே அதிகாரியும் முப்பது மைலுக்கு அப்பால் ஒரு விபத்தில் மாட்டிக்கொண்டிருந்தார்.

லாரிகள் வந்துகொண்டே இருந்தன. நெடுஞ்சாலையில் நிற்கக் கூடாது என்று லாய்டின் ஆட்கள் பின்னால் வந்தவற்றைப் பக்கத்துச் சந்துக்குள் திருப்பிவிட்டார்கள். ஆர்லீட்டாவின் கண் எடைமேடையை விட்டு நகரவில்லை. அதனால் அவள் அதைப் பார்க்கவில்லை.

இரண்டு மணிக்கு மேல் லாய்டின் பொறுமை தீர்ந்தது. மேற்கே மேகம் திரண்டு நிற்பதை எல்லோரும் பார்த்துவிட்டார்கள், புயல் ஒரு நாள் முன்னதாகவே வருகிறது. அவளுடைய வண்டியை இழுத்துப் போட ஒரு மண்வாரி இயந்திரத்தை வரவழைத்துச் சங்கிலி மாட்டச் சொன்னான். சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தபோது டெல்மர் நடந்து வந்தார். அவசரப்படுகிற மனிதர் இல்லை அவர். இப்போதும் அவசரப்படவில்லை. ஆனால் அவர் தலையில் தொப்பி இல்லை. வெயிலில் தொப்பி இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை.

"ஆர்லீட்டா, என் போர் மூச்சு இழுக்குது," என்றார். "ஊளையிடுற மாதிரி சத்தம். தொப்பிய எடுத்து அதோட வாயில வெச்சுப் பாத்தேன். பிடிச்சுக்கிச்சு, விட மாட்டேங்குது."

அப்போதுதான் அவள் திரும்பி டெல்மரின் வீட்டுப் பக்கம் பார்த்தாள். சந்தில், அவர் வீட்டை ஒட்டி, கோதுமை நிரம்பிய ஐந்து லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. அவள் வழியை மறித்ததால் அங்கே நிற்கின்றன. உப்பு வந்தது எடைமேடையில் இல்லை, அந்தப் போரில். தரை இறங்கியதும் இங்கே இல்லை, அங்கே. அந்த வெள்ளை என்ன என்று தட்டில் போட்டுக் கேட்டவள், எங்கே என்று கேட்க மறந்துவிட்டாள். மேலே ஏறிக்கொண்டிருந்த தண்ணீர் இப்போது கீழே இறங்குகிறது. குகையின் கூரை உடைந்துவிட்டது.

அவள் லாய்டிடம் சொன்னது நான்கே வார்த்தை. இங்க இல்ல, சந்துல விழப்போகுது. அவன் அவள் முகத்தை ஒரு கணம் பார்த்தான். என்ன தெரிந்ததோ, ஏன் என்று கேட்காமல் இடுப்பிலிருந்த ரேடியோவை எடுத்தான்.

"சந்துல நிக்கிறவங்க எல்லாரும் கேளுங்க. வண்டிய நகத்தாதீங்க. அப்படியே விட்டுட்டு இறங்கி ஹைவேக்கு ஓடுங்க. வண்டிய விடுங்கன்னேன். நான் சொல்றேன், லாய்ட் சொல்றேன், ஓடுங்க."

கதவுகள் திறந்தன. நான்கு பேர் இறங்கி ஓடி வருவதை அவள் எண்ணினாள். ஐந்தாவது கதவு திறக்கவில்லை. டெல்மரின் தக்காளிச் செடிகளுக்கு நேரே நின்ற கடைசி லாரி அது, வெண்டல் கேனுடையது. விடிகாலையிலிருந்து ஓட்டிய களைப்பில் ரேடியோவை அணைத்துவிட்டு ஸ்டியரிங்மேல் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். லாய்ட் அவள் கையைப் பிடித்தான். அவள் உதறிவிட்டு ஓடினாள். ஐம்பத்திரண்டு வயதில், வேலைப் பூட்ஸோடு.

சந்தில் தரை காலுக்கடியில் ஒரு மாதிரி இருந்தது. நடுக்கம் என்று சொல்ல முடியாது. காலியான டப்பாவின் மேல் நடக்கிற மாதிரி என்று பின்னால் சொன்னாள். போரிலிருந்து அந்த ஊளை கேட்டது. கதவை இரண்டு கையாலும் அறைந்தாள். வெண்டல் விழித்து, கண்ணாடியை இறக்கி, அவளை ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். அவள் கதவைத் திறந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவன் விழுந்து எழுந்தான். அதற்குள் அவனுக்கும் காலில் தெரிந்துவிட்டது. இருவரும் ஓடினார்கள்.

பெரிய சத்தம் எதுவும் வரவில்லை. அதுதான் எல்லோரையும் அதிகமாகப் பயமுறுத்தியது. சாலையின் வெடிப்புகளிலிருந்து தூசி மெல்லப் புகைந்தது. சந்து நடுவில் துணி போலத் தொய்ந்தது. வெண்டலின் லாரி முன்பக்கம் தூக்கி நின்று, பின்பக்கமாகச் சரிந்து மறைந்தது. அடுத்ததும், அதற்கடுத்ததும் போயின. டெல்மரின் வீடு உடையாமல், சாயாமல், ஜன்னல் திரைச்சீலைகளோடு நேராகக் கீழே இறங்கியது. கூரை மட்டும் தரைமட்டத்தில் ஒரு நிமிடம் நின்றது. பிறகு உள்ளே எங்கேயோ மரங்கள் முறிகிற சத்தம் கேட்டது, கூரையும் போய்விட்டது. அந்த இடத்தில் பழுப்புத் தண்ணீர் சுழன்று மேலே வந்தது.

டெல்மர் தோல்பெட்டியைக் கையோடு கொண்டு வந்திருக்கவில்லை. வெறும் கையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஆர்லீட்டா மூச்சு வாங்கிக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து நின்றபோது, நல்ல வேளை, அடுப்பை அணைத்துவிட்டுத்தான் வந்தேன் என்றார்.

நாலரை மணிக்கு நிலவியல் அலுவலகத்துப் பெண் கருவிகளோடு வந்து இறங்கினாள். அளக்கப் போன இடம் அப்போது நூற்றெண்பது அடி அகலத்துக்கு வாய் பிளந்து கிடந்தது, ஓரங்கள் இன்னும் உதிர்ந்துகொண்டிருந்தன. குதிர்களுக்கும் குழிக்கும் நடுவே தொண்ணூறு அடி. எடைமேடைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆர்லீட்டாவின் வண்டி சங்கிலியோடு அதன் வாயிலேயே நின்றது. மழை கொட்டத் தொடங்கியது.

கூட்டம் கலைந்த பிறகு, ஆர்லீட்டா அந்தப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்றைக் கேட்டாள். நான் மறிக்காமல் இருந்திருந்தால் அந்த லாரிகள் அங்கே நின்றிருக்காதே, அந்தப் பாரத்தால்தான் விழுந்ததா?

"மேல இருக்கிற மண்ணோட எடைக்கு முன்னாடி அஞ்சு லாரி ஒண்ணுமே இல்லீங்க," என்றாள் அவள். "ஆனா அதனால இல்லவே இல்லன்னு எழுதிக் கொடுன்னா என்னால முடியாது."

ஊர் அதை இரண்டு விதமாகப் பேசியது. ஆர்லீட்டா இல்லாவிட்டால் டெல்மர் வீட்டோடு போயிருப்பார் என்றது ஒரு பாதி. அவள் இல்லாவிட்டால் மூன்று லாரியும் அவ்வளவு கோதுமையும் மிஞ்சியிருக்கும், மழைக்கு முன்னால் அறுவடையும் உள்ளே வந்திருக்கும் என்றது மறு பாதி. இரண்டு பாதியும் ஞாயிற்றுக்கிழமை ஒரே தேவாலயத்தில், ஒரே வரிசைகளில் உட்கார்ந்தன. தண்ணீரைப் பரிசோதிக்கிறேன் என்று அவள் பாட்டிலோடு போனால் சில வீடுகளில் கதவைத் திறந்தார்கள். சில வீடுகளில் திரைச்சீலை அசைந்தது, கதவு திறக்கவில்லை. தெரிந்துகொள்ளாமல் இருந்தால் தூங்கவாவது முடியும் என்று ஒரு பெண் வாசலில் நின்று நேராகவே சொன்னாள். ஏழு துளைகளில் மூன்று எங்கே என்று இன்னும் யாருக்கும் தெரியாது. மாநிலத்து ஆட்கள் வயல்களில் கொடி நட்டுத் தேடிக்கொண்டிருந்தார்கள். டெல்மர் நியூட்டன் நகரத்தில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். லாய்ட் மட்டும் அவளைக் குறை சொல்லி ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு நாள் கேட்டவன் நான்தான் என்று அவன் சங்கக் கூட்டத்தில் எழுந்து சொன்னான். சொல்லிவிட்டு உட்கார்ந்தவனை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அக்டோபரில் ஒரு மாலை வெண்டல் கேன் ஆர்லீட்டாவின் வீட்டு வாசலில் வந்து நின்றான். நான்கு மாதமாக அவன் அவள் கண்ணில் படவே இல்லை. கடையில் அவளைப் பார்த்தால் அடுத்த வரிசைக்குப் போய்விடுவான் என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள். தொப்பியைக் கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டே, வந்த விஷயத்தைச் சொல்ல அவனுக்கு நேரம் பிடித்தது.

"நீங்க கதவத் தட்டலன்னா நான் செத்திருப்பேன். நீங்க வழி மறிக்கலன்னா நான் அங்க நின்னிருக்கவே மாட்டேன். நன்றி சொல்றதா, திட்டுறதான்னு தெரியல. அதான் இத்தனை நாள் வரல."

"எனக்கும் தெரியல," என்றாள் ஆர்லீட்டா. உள்ளே வா, காப்பி இருக்கிறது என்றாள்.

வந்தான். மேசைக்குப் பக்கத்தில் நாற்காலி இருந்தது. அவன் அதைத் தூக்கி, தரையில் ஒரு தரம் காலால் மெல்ல மிதித்துப் பார்த்துவிட்டு, வாசல் கதவுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டான். காப்பியை அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தாள். கதவைத் திறந்தே வைத்தாள்.